கிராஃபிங் கால்குலேட்டரில் சார்புகள்: மதிப்பு காண்பதும் நிரல் எழுதுவதும்

ஒரு வாய்பாட்டை ஒருமுறை ஏற்றி வைத்துவிட்டு, வேண்டியபோதெல்லாம் வேண்டிய மதிப்பைக் கேட்டு வாங்க உதவும் கருவி கிராஃபிங் கால்குலேட்டர். படம் வரைவது அதன் கூடுதல் திறமை. இந்த அத்தியாயத்தில் இரண்டு கணக்குகள் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து காட்டப்படுகின்றன. இரண்டுமே கொல்லிமலையின் பைல் நாட்டில் அன்றாடம் பயன்படக்கூடியவை. உலையில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பது முதல் கணக்கு. பச்சை மிளகு காய்ந்தால் எவ்வளவு தேறும் என்பது இரண்டாவது.

படிகள் டிஐ-84 பிளஸ் கருவிக்கு எழுதப்பட்டுள்ளன. 2004-ல் வந்த இந்தக் கருவிதான் அமெரிக்கப் பள்ளிகளிலும் சிங்கப்பூரின் ஏ-லெவல் வகுப்புகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் கையில் மிகுதியாகக் காணப்படுவது. பொத்தான்களின் பெயர்கள் உச்சரிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கருவி இல்லாதவர்களுக்கான மாற்று வழிகள் பின்னால் வருகின்றன.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. மோடு பொத்தானை அழுத்தி, சார்பு வகை 'ஃபங்க்' என்பதில் இருக்கிறதா என்று பார்க்கவும். வேறு வகையில் இருந்தால் ஒய்= திரையில் ஒய்1, ஒய்2 என்ற வரிசையே வராது.
2. ஒய்= திரையின் மேல்வரிசையில் 'பிளாட்' என்ற சொல் கறுப்புப் பின்னணியில் தெரிந்தால் புள்ளியியல் வரைபடம் திறந்திருக்கிறது என்று பொருள். அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் என்டர் அழுத்தி அணைக்கவும். இதை விட்டுவிட்டால் படம் வரையும்போது தொடர்பே இல்லாத பிழைச்செய்தி வந்து குழப்பும்.
3. கழித்தல் பொத்தான் வேறு, எதிர்க்குறிப் பொத்தான் வேறு. அடைப்புக்குள் சிறு கோடு இருப்பது எதிர்க்குறி. தொடக்கநிலையில் வரும் தொடரமைப்புப் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டையும் மாற்றி அழுத்துவதால் வருவதே.

முதல் கணக்கு: உயரமும் கொதிநிலையும்

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். கொல்லிமலையின் ஊர்கள் பெரும்பாலும் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருபவர், அதே அரிசி திறந்த பானையில் வேகக் கூடுதல் நேரம் எடுப்பதைக் கவனிக்கலாம்.

கணக்குக்கு இரண்டு சார்புகள் தேவை. முதலாவது, உயரத்தைக் கொடுத்தால் காற்றழுத்தத்தைத் தரும் திட்ட வளிமண்டல வாய்பாடு. எக்ஸ் என்பது மீட்டரில் உயரம். விடை ஹெக்டோபாஸ்கலில் வரும்.

ஒய்1 = 1013.25(1 − 0.0000225577 எக்ஸ்)^5.25588

இரண்டாவது, அழுத்தத்தைக் கொடுத்தால் கொதிநிலையைத் தரும் அந்த்வான் வாய்பாடு. இது அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் கேட்கும், 0.750062 என்ற பெருக்கல் அந்த மாற்றத்துக்காக.

ஒய்2 = 1730.63/(8.07131 − லாக்(0.750062 ஒய்1)) − 233.426

இரண்டாவது சார்புக்குள் முதல் சார்பு உட்கார்ந்திருக்கிறது. சாதாரணக் கால்குலேட்டரில் இதை ஒவ்வொரு உயரத்துக்கும் இரண்டு கட்டமாகப் போட வேண்டியிருக்கும்.

ஏற்றும் முறை

1. ஒய்= அழுத்தி முதல் வரியில் ஒய்1-ஐ அடிக்கவும். எக்ஸ் எழுத்துக்குத் தனிப் பொத்தான் உண்டு. ஆல்ஃபா பொத்தானுக்கு வலப்பக்கத்தில் இருக்கிறது.
2. 0.0000225577 என்பதில் சுழிகளை எண்ணி அடிப்பதைவிட 2.25577 அடித்து, செகண்ட் அழுத்திக் காற்புள்ளிப் பொத்தானை அழுத்தி, எதிர்க்குறியுடன் 5 தருவது பாதுகாப்பானது. பத்தின் அடுக்கு −5 என்று கருவி எடுத்துக்கொள்ளும்.
3. இரண்டாவது வரிக்கு வந்து ஒய்2-ஐ அடிக்கவும். உள்ளே வரும் ஒய்1-ஐ எழுத்தாக அடிக்கக் கூடாது. வார்ஸ் அழுத்தி, வலப்பக்கம் நகர்ந்து, 'ஃபங்ஷன்' பட்டியலைத் திறந்து அங்கிருந்து ஒய்1-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
4. செகண்ட், மோடு அழுத்தி முகப்புத் திரைக்குத் திரும்பவும்.

மூன்றாம் படியில் சறுக்குபவர்கள் அதிகம். ஆல்ஃபா வழியாக ஒய் எழுத்தையும் பக்கத்தில் 1 என்ற எண்ணையும் அடித்தால் திரையில் ஏறக்குறைய அதேபோலத் தெரியும். கருவியோ அதை 'ஒய் என்ற மாறி பெருக்கல் 1' என்று எடுத்துக்கொள்ளும். அந்த மாறியில் பழைய எண் ஏதாவது கிடந்தால் அதை வைத்தே விடையும் வரும், பிழைச்செய்தி வராது.

மதிப்பு காணும் வழிகள்

முகப்புத் திரையில் நேராகக் கேட்பது முதல் வழி. வார்ஸ் பட்டியலிலிருந்து ஒய்2-ஐ எடுத்து, அடைப்புக்குள் 1200 என்று கொடுத்து என்டர் அழுத்தினால் 96.02 அளவில் விடை வரும். உயரம் எதுவானாலும் இந்த வழி வேலை செய்யும்.

அட்டவணை இரண்டாவது வழி.

1. செகண்ட், விண்டோ அழுத்தி அட்டவணை அமைப்பைத் திறக்கவும்.
2. தொடக்கம் 0, படி 200 என்று கொடுக்கவும்.
3. செகண்ட், கிராஃப் அழுத்தினால் அட்டவணை வரும். 0 மீட்டரில் 99.997, 200-ல் 99.3, 1000-ல் 96.7, 1200-ல் 96.0 என்ற மதிப்புகள் கிடைக்க வேண்டும்.
4. ஒழுங்கற்ற இடைவெளியில் உயரங்கள் தேவைப்பட்டால் அமைப்பில் 'இண்ட்பெண்ட்' வரியை 'ஆஸ்க்' என்று மாற்றவும். பிறகு எந்த எண்ணை அடித்தாலும் அதற்கான மதிப்பு மட்டும் வரும்.

வரைபடத்தின்மேல் மதிப்பு கேட்பது மூன்றாவது. படம் திரையில் இருக்கும்போது செகண்ட், டிரேஸ் அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதன் முதல் வரியைத் தேர்ந்து எக்ஸ் மதிப்பைக் கொடுக்கலாம். கொடுக்கும் எண் சாளரத்தின் இடது, வலது எல்லைக்குள் இருந்தாக வேண்டும். வெளியே இருந்தால் கருவி ஏற்காது.

அட்டவணையை முதலில் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போவதே நல்ல வரிசை. பல புத்தகங்கள் படத்திலிருந்து தொடங்குகின்றன. வெறும் திரையைப் பார்த்து வாசகர் மனம் தளர்வது அதனால்தான்.

விடையை நம்புவதற்கு முன்

ஏற்றிய சார்பு எதுவானாலும், விடை முன்பே தெரிந்த ஓர் இடத்தில் அதைச் சோதிக்க வேண்டும். இங்கே கடல்மட்டம் அதற்கு வசதி: எக்ஸ் = 0 கொடுத்தால் 100-ஐ ஒட்டி வர வேண்டும். வராவிட்டால், வந்த எண்ணே தவறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

970 டிகிரி வந்தால் லாக் பொத்தானுக்குப் பதிலாக அதன் கீழே இருக்கும் எல்என் அழுத்தப்பட்டிருக்கிறது. அது இயற்கை மடக்கை. இந்த வாய்பாடு 10 அடிமான மடக்கையைக் கேட்கிறது. −21.9 வந்தால் வகுத்தலுக்குக் கீழே இருக்க வேண்டிய பகுதிக்கு அடைப்பு போடப்படவில்லை. காகிதத்தில் கோட்டுக்கு மேலும் கீழும் எழுதுவதை ஒரே வரியில் அடிக்கும்போது கீழ்ப்பகுதி முழுவதற்கும் அடைப்பு தேவை.

ஆனால் சுழியில் மட்டும் சோதிப்பது போதாது. எக்ஸ் = 0 ஆகும்போது அதைப் பெருக்கி நிற்கும் எண் எதுவானாலும் மறைந்துவிடும். 0.0000225577-ல் ஒரு சுழி விடுபட்டு 0.000225577 என்று ஏறியிருந்தாலும் கடல்மட்டத்தில் விடை சரியாகவே வரும். 1200 மீட்டரில்தான் 59 டிகிரி என்ற அபத்தம் வெளிப்படும். ஆகவே சுழி அல்லாத இரண்டாவது சோதனைப் புள்ளி கட்டாயம். திட்ட வளிமண்டலத்தில் 1000 மீட்டருக்கு அழுத்தம் ஏறக்குறைய 898.7 ஹெக்டோபாஸ்கல், ஒய்1(1000) அதைத் தருகிறதா என்று பார்த்தால் போதும்.

படம் வரைதல்

கருவியின் இயல்பான சாளரம் −10 முதல் 10 வரை. இந்தச் சார்புக்கு அதில் ஒன்றும் தெரியாது. அட்டவணையில் கண்ட மதிப்புகளை வைத்துச் சாளரத்தை அமைக்க வேண்டும்.

1. ஒய்= திரையில் ஒய்1-க்கு அடுத்த சமக்குறியின்மேல் அம்புக்குறியை வைத்து என்டர் அழுத்தவும். அழுத்தக் கோடு வரையப்படாது. ஆனால் ஒய்2 அதைத் தொடர்ந்து பயன்படுத்தும்.
2. விண்டோ அழுத்தி, எக்ஸ் சிறுமம் 0, பெருமம் 1410, அளவு 200 எனவும், ஒய் சிறுமம் 94, பெருமம் 101, அளவு 1 எனவும் தரவும்.
3. கிராஃப் அழுத்தவும். இடமிருந்து வலமாக மெல்ல இறங்கும், கிட்டத்தட்ட நேரான கோடு தெரியும்.

1410 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. கறுப்பு வெள்ளைத் திரையில் டிரேஸ் குறி இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போக 94 தாவல்கள் எடுக்கிறது. எல்லைகளின் வித்தியாசம் 94-ன் மடங்காக இருந்தால் குறி ஒவ்வொரு முறையும் முழு எண்ணில் நிற்கும். இங்கே ஒரு தாவலுக்கு 15 மீட்டர். 1400 என்று கொடுத்திருந்தால் 14.89 மீட்டர் என்று பின்னத்தில் தாவும்.

தண்ணீர் 97 டிகிரியில் கொதிக்கும் உயரம் எது என்ற எதிர்க்கேள்விக்கும் படமே எளிய வழி. ஒய்3 = 97 என்று ஏற்றி, செகண்ட், டிரேஸ் பட்டியலில் ஐந்தாவதாக உள்ள 'இண்டர்செக்ட்' தேர்ந்து மூன்று முறை என்டர் அழுத்தினால் 905 மீட்டர் அளவில் வெட்டுப்புள்ளி கிடைக்கும்.

இரண்டாவது கணக்கு: மிளகு உலர்த்தும் நிரல்

உள்ளிடும் எண்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால் ஒய்= திரை போதாது; அங்கே நிரல் தேவை. கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்து வளரும் மிளகு நல்ல எடுத்துக்காட்டு. காய்ச்சலில் நீர்தான் போகிறது. திடப்பொருள் அப்படியே நிற்கிறது. பச்சை எடை டபிள்யூ, தொடக்க ஈரப்பதம் ஏ விழுக்காடு, முடிவு ஈரப்பதம் பி விழுக்காடு என்றால், உலர்ந்த எடை:

டி = டபிள்யூ(100 − ஏ)/(100 − பி)

1. புரோகிராம் பொத்தானை அழுத்தி, 'நியூ' பகுதிக்கு நகர்ந்து, என்டர் அழுத்தவும்.
2. பெயர் கொடுக்கவும். எட்டு எழுத்துக்குமேல் ஏற்காது, தமிழ் எழுத்தும் கிடையாது. மிளகு என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கலாம்.
3. கீழே உள்ள வரிகளை ஒவ்வொன்றாக அடித்து, வரி முடிவில் என்டர் அழுத்தவும்.

: கிளியர்ஹோம்
: பிராம்ப்ட் டபிள்யூ, ஏ, பி
: இஃப் ஏ≥100 ஆர் பி≥ஏ
: தென்
: டிஸ்ப் "தவறு"
: எல்ஸ்
: டபிள்யூ(100−ஏ)/(100−பி)→டி
: டிஸ்ப் ரவுண்ட்(டி,1)
: எண்ட்

4. செகண்ட், மோடு அழுத்தி வெளியேறவும். தனியாகச் சேமிக்க வேண்டியதில்லை.
5. இயக்க, புரோகிராம் அழுத்தி, பட்டியலில் பெயரைத் தேர்ந்து இருமுறை என்டர் அழுத்தவும்.

கட்டளைச் சொற்களை எழுத்தெழுத்தாக அடிக்கக் கூடாது. நிரல் திரையில் இருக்கும்போதே புரோகிராம் பொத்தானை மறுபடி அழுத்தினால் இங்கே தேவைப்படும் இரண்டு பட்டியல்கள் வரும்: நிபந்தனை, சுழற்சிச் சொற்கள் முதலாவதில், பிராம்ப்ட், டிஸ்ப், கிளியர்ஹோம் ஆகியவை இரண்டாவதில். ≥ குறியும் 'ஆர்' சொல்லும் செகண்ட், மேத் அழுத்தினால் கிடைக்கும். 'ரவுண்ட்' மேத் பட்டியலின் எண்கள் பகுதியில் உள்ளது. அம்புக்குறி என்பது ஸ்டோ பொத்தான். மேற்கோள்குறி ஆல்ஃபாவும் கூட்டல் பொத்தானும்.

சோதனை: 100, 70, 11 கொடுத்தால் 33.7 வர வேண்டும். கையாலும் பார்க்கலாம். 100 கிலோ பச்சை மிளகில் ஈரம் 70 போக 30 கிலோ திடப்பொருள்; அது உலர்ந்த எடையில் 89 விழுக்காடு; 30-ஐ 0.89-ஆல் வகுத்தால் அதே எண். முடிவு ஈரப்பதத்தை 12 என்று மாற்றினால் 34.1. அடுத்து ஏ, பி இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்துப் பார்க்கவும். எச்சரிக்கை வர வேண்டும். மூன்றாம் வரி இல்லாவிட்டால் இந்த நிரல் காயக் காய எடை கூடும் மிளகைக்கூட மறுப்பில்லாமல் கணக்கிட்டுக் கொடுக்கும்.

சார்பைப் பயன்படுத்தும் நிரல்

கொதிநிலையிலிருந்து உயரத்தைத் தேடும் வேலையை நிரலிடமும் விடலாம். இடைவெளியைப் பாதியாக்கிக்கொண்டே போவது எளிய உத்தி.

: பிராம்ப்ட் சி
: 0→ஏ
: 3000→பி
: வைல் பி−ஏ>1
: (ஏ+பி)/2→எம்
: இஃப் ஒய்2(எம்)>சி
: தென்
: எம்→ஏ
: எல்ஸ்
: எம்→பி
: எண்ட்
: எண்ட்
: டிஸ்ப் ரவுண்ட்(எம்,0)

சி-க்கு 97 கொடுத்தால் 12 சுற்றில் 905-ஐ ஒட்டி நிற்கும். 'எண்ட்' இரண்டு வேண்டும்: ஒன்று நிபந்தனைக்கு, மற்றது சுழற்சிக்கு. ஒன்றை விட்டால் சுழற்சி முதல் சுற்றோடு நின்று 1500 என்று காட்டும்.

இதில் இரண்டு பொறிகள் உள்ளன. தேடும் எல்லை 3000 மீட்டர் வரைதான். அங்கே கொதிநிலை சுமார் 90. அதற்குக் கீழே எந்த வெப்பநிலையைக் கொடுத்தாலும் 3000-ஐ ஒட்டிய எண்ணே விடையாக வரும், எச்சரிக்கை இல்லாமல். இரண்டாவது, வேறு வீட்டுக்கணக்குக்காக யாராவது ஒய்1-ஐ மாற்றியிருந்தால் இந்த நிரலும் சத்தமில்லாமல் தவறிவிடும். நிரலின் முதல் வரியிலேயே முழு வாய்பாட்டை மேற்கோள்குறிக்குள் அடித்து ஸ்டோ வழியாக ஒய்1-க்கு அனுப்புவதும், அதேபோல ஒய்2-க்குச் செய்வதும் இதற்குத் தீர்வு. ஒவ்வொரு இயக்கத்திலும் சார்புகள் புதிதாக ஏறிவிடும்.

விடை மீட்டர் சுத்தமாக வருகிறது என்பதால் அவ்வளவு நுட்பம் இருப்பதாக நினைக்க வேண்டாம். வெப்பமானியில் 0.1 டிகிரி பிசகினால் உயரத்தில் 30 மீட்டர் பிசகும். காற்றழுத்தமும் நாளுக்கு நாள் மாறும்.

நிரல் நிற்காமல் ஓடினால் ஆன் பொத்தானை அழுத்தவும். வரும் செய்தியில் இரண்டாவது தெரிவு, நிரல் நின்ற வரிக்கே கொண்டுபோகும். திருத்துவதற்கு அதுதான் உதவும்.

கருவி கையில் இல்லையென்றால்

தமிழ்நாட்டு மாணவர்களிடம் பரவலாக உள்ள கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் படம் வரையாது. ஆனால் அட்டவணை தரும். மோடு அழுத்தி 7-ஐத் தேர்ந்து, வாய்பாட்டையும் தொடக்கம், முடிவு, படி ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். 30 வரிகளுக்குமேல் ஏற்காது. ஒரு சார்பை இன்னொன்றுக்குள் பெயர் சொல்லி அழைக்க முடியாததால், ஒய்1 இருந்த இடத்தில் முழு வாய்பாட்டையும் அடிக்க வேண்டும்.

கைபேசி இருந்தால் ஜியோஜீப்ரா போதுமானது. மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் தொடங்கிய இந்த இலவச மென்பொருள், தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிதப் புத்தகங்களின் இணையச் செயல்பாட்டுப் பக்கங்களிலும் இடம்பெறுகிறது. செயலியை ஒருமுறை இறக்கிவிட்டால் மலையில் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். சார்புக்கு ஒற்றை எழுத்தில் பெயர் வைத்து வாய்பாட்டை அடிக்கவும். அடுத்த வரியில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 1200 என்று அடித்தால் மதிப்பு வரும். மடக்கைக்கு 10 என்ற அடிமானத்தையும் சேர்த்தே கொடுக்கவும். மேலே சொன்ன 970 டிகிரிச் சோதனை இங்கும் பொருந்தும்.

தேர்வும் பாதுகாப்பும்

நிரல் எழுதக்கூடிய கருவியை எந்தத் தேர்வுக்குள்ளும் கேட்காமல் கொண்டுபோகக் கூடாது. ஜேஇஇ, நீட் தேர்வுகளில் எந்தக் கால்குலேட்டருக்கும் இடமில்லை. கேட் தேர்வில் திரையில் தோன்றும் கால்குலேட்டர் மட்டுமே. சிங்கப்பூரின் எச்2 கணிதத் தேர்வோ கிராஃபிங் கால்குலேட்டரை எதிர்பார்க்கிறது. அங்கே நினைவகம் முன்கூட்டியே அழிக்கப்பட வேண்டும். அதற்கு முன் நிரல்களைக் கணினியிலோ நோட்டிலோ படியெடுத்துக்கொள்ளவும்.

அன்றாடப் பாதுகாப்புக்கு, செகண்ட், கூட்டல் அழுத்தி நினைவகப் பட்டியலைத் திறந்து, 'ஆர்க்கைவ்' கட்டளையால் நிரலைக் காப்புப் பகுதிக்கு மாற்றலாம். மின்கலம் தீர்ந்து தற்காலிக நினைவகம் அழிந்தாலும் நிரல் தப்பும். காப்பில் உள்ள நிரலின் பெயருக்குமுன் உடுக்குறி தெரியும். அதை இயக்குவதற்கு அதே பட்டியலில் 'அன்ஆர்க்கைவ்' செய்ய வேண்டும்.

நான்கு சிறு பென்சில் செல்களையும் ஒரே நேரத்தில் மாற்றவும். பழையதும் புதியதும் கலக்கக் கூடாது. காப்பு மின்கலமான பொத்தான் செல்லை அதே வேளையில் கழற்ற வேண்டாம். கழற்றிய பொத்தான் செல் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கருவி மாதக்கணக்கில் பயன்படாமல் கிடக்குமானால், குறிப்பாக மழைக்காலத்தில், பென்சில் செல்களைக் கழற்றி வைக்கவும். கசிந்த செல் தொடுமுனைகளை அரித்துவிடும்.